யாருக்கும் சொந்தமில்லாத டைனோசர்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரை ஒட்டி அமைந்துள்ள 'டிஸ்னி அனிமல் கிங்டம்' கேளிக்கைப் பூங்காவில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் இயங்கிய 'டைனோசர்' என்னும் சவாரி 2026 பிப்ரவரித் தொடக்கத்தில் நிரந்தரமாக விடைபெற்றது. அந்த இடத்தில் 'இண்டியானா ஜோன்ஸ்' திரைப்பட வரிசையை அடிப்படையாகக் கொண்ட சவாரி 2027இல் திறக்கப்படும் என்று டிஸ்னி நிறுவனம் அறிவித்துள்ளது. சவாரியைச் சுற்றியிருந்த 'டைனோலேண்ட்' பகுதியும் கலைக்கப்பட்டு, 'என்காண்டோ' என்ற அனிமேஷன் படத்தின் வீட்டையும் உள்ளடக்கிய, வெப்பமண்டல அமெரிக்க நாடுகளின் ஊர் ஒன்றாக அது மறுவடிவம் பெறுகிறது.

பூங்கா ஒன்றில் ஒரு சவாரி போய் இன்னொரு சவாரி வருவது உலகச் செய்தியாக வேண்டியதில்லை. ஆனால், உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் குடும்பத்தோடு சென்று காணும் இடங்கள் இவை. அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்திராத குழந்தையும் இங்கே ஒரு டைனோசரையோ, ஒரு வைக்கிங் மாலுமியையோ முதன்முதலில் சந்திக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் எந்தக் கதை சொல்லப்பட வேண்டும், எந்தக் கதை அகற்றப்பட வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? டைனோசர் சவாரியின் முடிவு இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தருகிறது.

அழிவைப் பற்றிப் பேசிய சவாரி

அனிமல் கிங்டம் 1998 ஏப்ரல் 22 அன்று, புவி நாளில் திறக்கப்பட்டது. பரப்பளவில் டிஸ்னியின் பூங்காக்களிலேயே மிகப் பெரியது அதுதான். இன்று வாழும் விலங்குகள், என்றோ மறைந்துபோன விலங்குகள், மனிதக் கற்பனையில் மட்டும் வாழும் விலங்குகள் ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் மரியாதை செய்வது அதன் அடிப்படை எண்ணம். இவற்றில் இரண்டாம் வகைக்கு ஒதுக்கப்பட்ட இடம்தான் டைனோலேண்ட். புதைபடிவ ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து தங்கி அகழாய்வு செய்யும் ஒரு சிற்றூர்போல அது வடிவமைக்கப்பட்டது.

சவாரியின் கதை எளியது. ஒரு கற்பனை ஆய்வு நிறுவனம் பார்வையாளர்களை 'டைம் ரோவர்' என்ற வாகனத்தில் ஏற்றி, கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதிக்கு அனுப்புகிறது. ஒரு இகுவானோடானை உயிருடன் மீட்டுக் கொண்டுவர வேண்டும். இருட்டில் கார்னோட்டாரஸ் துரத்துகிறது. வானத்திலிருந்து விண்கல் நெருங்கிக்கொண்டிருக்கிறது. தொடக்கத்தில் இந்தச் சவாரிக்கு இருந்த பெயர் 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்'. பேரழிவுக்கு இன்னும் எத்தனை நொடிகள் என்று எண்ணிச் செல்லும் பயணம் என்பது அதன் பொருள். குழந்தைகளை அலறவைத்த அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒரு பெரிய உண்மை பொதிந்திருந்தது: பூமியை ஆண்ட உயிரினங்களும் ஒருநாள் இல்லாமல் போகக்கூடும்.

இந்தப் பகுதிக்கு உண்மையான அறிவியலோடும் தொடர்பு இருந்தது. தெற்கு டகோட்டாவில் 1990இல் கண்டெடுக்கப்பட்ட 'சூ' என்னும் டைரனோசாரஸ் ரெக்ஸின் எலும்புக்கூடு 1997இல் ஏலத்துக்கு வந்தபோது, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் அதை 83.6 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு உதவிய நிறுவனங்களில் டிஸ்னியும் மெக்டொனால்ட்ஸும் அடங்கும். எலும்புகளில் ஒரு பகுதி டைனோலேண்டில் அமைக்கப்பட்ட ஆய்வகத்தில், பார்வையாளர்களின் கண்முன்னே சுத்தம் செய்யப்பட்டது. சூவின் முழு உருவ வார்ப்பு ஒன்றும் அங்கே நிறுவப்பட்டது. கேளிக்கைப் பூங்கா ஒன்று அறிவியலுக்குக் கைகொடுத்த அரிய தருணம் அது.

நிறுவனத்தின் நியாயம்

இந்த மாற்றத்தைக் குறைகூறுவதற்கு முன் நிறுவனத்தின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சவாரி எதுவும் சிலை அல்ல. ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் ஓடும் இயந்திரம். ஹைட்ராலிக் அமைப்புகள் தேயும், உருவ பொம்மைகளின் தோல் கிழியும், ஒளியும் ஒலியும் காலத்தால் பின்தங்கும். டைனோலேண்டும் தொடக்க காலக் கனவை எட்டவில்லை. அதன் ஒரு பகுதியில் 2001-02 காலத்தில் திருவிழா ராட்டினங்களை ஒத்த மலிவான சவாரிகள் சேர்க்கப்பட்டன. அவை அந்த இடத்தின் மதிப்பைக் கூட்டியதாகப் பூங்கா ஆர்வலர்களே கருதவில்லை.

எண்களும் நிறுவனத்தின் பக்கமே பேசுகின்றன. கேளிக்கைப் பூங்காத் துறையின் மதிப்பீடுகளின்படி, ஹாரி பாட்டர் பகுதி 2010இல் திறக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டில் யூனிவர்சல் நிறுவனத்தின் 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்காவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 46 இலட்சம் பேர். 2011இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 77 இலட்சமாக உயர்ந்தது. அனிமல் கிங்டமிலும் 'அவதார்' படத்தின் பண்டோரா உலகம் 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது, முந்தைய ஆண்டில் 1.08 கோடியாக இருந்த வருகை 1.25 கோடியானது. இதற்கு மாறாக, 2023இல் ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் மிகக் குறைவான கூட்டத்தைக் கண்டது அனிமல் கிங்டம்தான்: ஏறத்தாழ 88 இலட்சம் பேர். அதே ஒர்லாண்டோவில் யூனிவர்சல் நிறுவனம் 2025 மே மாதம் 'எபிக் யூனிவர்ஸ்' என்ற புதிய பூங்காவைத் திறந்து போட்டியைக் கடுமையாக்கியிருக்கிறது.

டிஸ்னியின் பொருளாதாரத்தில் பூங்காக்கள் இன்று வகிக்கும் இடத்தையும் மறந்துவிடக் கூடாது. தொலைக்காட்சி வருவாய் சரிந்துவரும் காலத்தில், பூங்காக்களும் சொகுசுக் கப்பல்களும் அடங்கிய பிரிவே 2024 நிதியாண்டில் நிறுவனத்தின் செயல்பாட்டு இலாபத்தில் பாதிக்கும் மேல் ஈட்டித்தந்தது. பத்தாண்டுகளில் இந்தப் பிரிவில் 6,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக 2023இல் டிஸ்னி அறிவித்தது. இவ்வளவு பெரிய தொகையைப் போடும் எந்த நிர்வாகமும், மக்களுக்கு முன்பே அறிமுகமான பெயரின்மீது பந்தயம் கட்டுவதையே பாதுகாப்பானதாகக் கருதும். புதிய கதையை விளம்பரப்படுத்துவது கடினம். ஏற்கெனவே கொட்டகையிலும் தொலைக்காட்சியிலும் பார்த்த கதைக்கு விளம்பரமே தேவையில்லை.

உண்மையில் பழையது எது?

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு முரண் உறுத்துகிறது. 'டைனோசர்' பழையதாகிவிட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் அதற்குப் பதிலாக வருவது எது? இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் முதல் படம் வெளிவந்தது 1981இல். சவாரியைவிட அதன் மாற்றுக்குப் 17 வயது அதிகம். 2023இல் வெளியான ஐந்தாவது படம், அதற்கான பெருஞ்செலவோடு ஒப்பிடும்போது நிறுவனம் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. இளைய தலைமுறையின் புதிய நாயகன் என்று அவரைச் சொல்ல இயலாது.

இயந்திரமாவது புதியதா என்றால், அதற்கும் விடை இல்லை என்பதே. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1995இல் திறக்கப்பட்ட இண்டியானா ஜோன்ஸ் சவாரிக்காக உருவாக்கப்பட்ட தொழில்நுட்பமே, மூன்றாண்டு கழித்து ஃப்ளோரிடாவின் டைனோசர் சவாரிக்கும் பயன்பட்டது. பன்னிரண்டு பேர் அமரும், குலுங்கியும் சாய்ந்தும் கரடுமுரடான நிலத்தில் ஓடுவதுபோன்ற உணர்வைத் தரும் அதே வகை வாகனம். தடத்தின் அமைப்புக்கூட ஏறக்குறைய ஒன்றே. ஒரே எலும்புக்கூட்டின்மீது இரண்டு தோல்கள் போர்த்தப்பட்டிருந்தன என்று சொல்லலாம். இப்போது நடப்பது அந்தத் தோலை மாற்றும் வேலை. 'பழைய கள், புதிய மொந்தை' என்பார்கள். இங்கே கள்ளும் பழையது, மொந்தையும் பழையது, ஒட்டப்படும் பெயர் மட்டுமே வேறு.

டைனோசர் சவாரியின் அறிவியல் காலாவதியாகிவிட்டது என்று வாதிட்டிருந்தால் அதில் பொருள் இருந்திருக்கும். டைனோசர்கள் மறைந்து 6.5 கோடி ஆண்டுகள் ஆயின என்று சவாரி உருவான காலத்தில் சொல்லப்பட்டது. இன்றைய துல்லியமான கணிப்பு 6.6 கோடி ஆண்டுகள். பல டைனோசர்களுக்கு இறகுகள் இருந்தன என்பது கடந்த முப்பதாண்டுகளில் உறுதியான அறிவு. சவாரி மீட்கச் சென்ற இகுவானோடானோ, விண்கல் விழுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து மறைந்த இனம். இவற்றையெல்லாம் திருத்தி, புதிய உருவங்களைச் செய்து, அதே தடத்தில் அதே கதையைப் புதுப்பித்திருக்க முடியும். அறிவியல் மாறுவதையே கதையின் ஒரு பகுதியாக்கியிருக்கலாம். அந்த வழி தேர்ந்தெடுக்கப்படவில்லை.

உரிமையின் கணக்கு

அப்படியானால் முடிவை நடத்திச் சென்றது எது? வயது, இயந்திரம், அறிவியல் ஆகிய மூன்றையும் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது உரிமை. இண்டியானா ஜோன்ஸைப் படைத்த லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தை டிஸ்னி 2012இல் ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் தொப்பியும் சாட்டையும் அன்று முதல் அதன் சொத்து. சவாரியின் வாசலில் விற்கும் ஒவ்வொரு தொப்பிக்கும், வீட்டுக்குச் சென்றபின் மீண்டும் பார்க்கப்படும் ஒவ்வொரு படத்துக்கும் பணம் ஒரே கல்லாவில் விழும்.

டைனோசர் யாருக்கும் சொந்தமில்லை. கார்னோட்டாரஸ் பொம்மையை உலகின் எந்த மூலையிலும் எவரும் செய்து விற்கலாம். மேலும், திரையில் டைனோசர் என்றாலே மக்களின் நினைவுக்கு வருவது 'ஜுராசிக் பார்க்'; அது போட்டி நிறுவனமான யூனிவர்சலின் உடைமை. ஒர்லாண்டோவிலேயே அந்தப் பெயரில் சவாரிகள் உள்ளன. டைனோசர்மீது குழந்தைகளுக்குள்ள தீராத ஆர்வத்தை டிஸ்னி வளர்க்க வளர்க்க, அதன் பலனில் ஒரு பகுதி எதிர் முகாமுக்குச் சென்றுவிடும் என்ற கணக்கு எந்த நிர்வாகிக்கும் எளிதில் விளங்கும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் சவாரியின் முதல் பெயர் மாற்றத்துக்கும் பொருள் கிடைக்கிறது. டிஸ்னியின் 'டைனோசர்' அனிமேஷன் படம் 2000இல் வெளியானபோது, இரண்டே வயதான சவாரிக்கு அந்தப் படத்தின் பெயர் சூட்டப்பட்டது. 'எக்ஸ்டிங்ஷன்', அதாவது இனஅழிவு, என்ற சொல் அன்றே பெயர்ப்பலகையிலிருந்து நீங்கியது. இன்று நடந்திருப்பது அப்போது தொடங்கிய பயணத்தின் முடிவு.

இது ஒரு தனி நிகழ்வும் அன்று. அதே ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில் நார்வே நாட்டுக்கென ஓர் அரங்கு 1988இல் திறக்கப்பட்டது. அங்கே 'மேல்ஸ்ட்ராம்' என்ற படகுச் சவாரியில் வைக்கிங் மாலுமிகளும், பனிக்கரடிகளும், நாட்டார் கதைகளின் பூதங்களும், வடகடலின் எண்ணெய்த் துரப்பண மேடையும் அடுத்தடுத்து வந்தன. மகத்தான படைப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், உண்மையான ஒரு நாட்டைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றது அது. 2013இல் 'ஃப்ரோஸன்' படம் வெளியாகி 120 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. 2014 அக்டோபரில் மேல்ஸ்ட்ராம் மூடப்பட்டது. 2016 ஜூனில் அதே படகுத் தடத்தில் 'ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர்' திறக்கப்பட்டது. நார்வேயின் அரங்கில் சவாரிக்குக் காத்திருப்போர் இன்று செல்வது அரெண்டெல் என்ற கற்பனை நாட்டுக்கு. நார்வே யாருடைய வணிகச் சின்னமும் இல்லை. அரெண்டெல் ஒரு நிறுவனத்தின் சின்னம்.

கலிஃபோர்னியாவில் 2017இல் 'ட்வைலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் பெயரால் இயங்கிய கோபுரச் சவாரி மார்வெல் நாயகர்களின் கதையாக மாற்றப்பட்டதும் இதே வகைதான். முன்னது பிறர் உரிமையில் உள்ள பெயர். பின்னது 2009இல் டிஸ்னி வாங்கிய மார்வெல் நிறுவனத்தினுடையது. யூனிவர்சல்போலப் பிறரிடம் உரிமம் பெற்றுக் கட்டுவோரும் உண்டு. ஆனால் அங்கும் நாடப்படுவது போட்டியாளர் எவரும் தொட முடியாத தனியுரிமையே.

மாற்றம் தேவையாக இருந்த இடம்

இதைச் சொல்வதால் பழையவை அனைத்தும் புனிதமானவை என்று வாதிடுவதாகக் கொள்ளக் கூடாது. 'ஸ்பிளாஷ் மவுண்டன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989இல் கலிஃபோர்னியாவிலும் 1992இல் ஃப்ளோரிடாவிலும் திறக்கப்பட்ட இந்த நீர்ச்சறுக்குச் சவாரி மக்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் கதையும் பாத்திரங்களும் எடுக்கப்பட்டது 1946இன் 'சாங் ஆஃப் தி சவுத்' படத்திலிருந்து. அமெரிக்கத் தென்மாநிலப் பண்ணைகளில் கறுப்பின மக்களின் வாழ்வை இனிமையானதாகச் சித்திரித்ததற்காக, வெளியான காலத்திலேயே அந்தப் படம் கண்டனத்துக்கு உள்ளானது. அமெரிக்காவில் வீட்டுக் காணொளியாக அதை டிஸ்னி ஒருபோதும் வெளியிடவில்லை. தானே வெளியிடத் தயங்கிய படத்தின் நினைவுச் சின்னத்தைப் பூங்காவின் நடுவே வைத்திருப்பது நெடுநாள் நீடிக்கக்கூடிய நிலை அன்று. 2020இல் மாற்றம் அறிவிக்கப்பட்டு, 2024இல் இரு பூங்காக்களிலும், டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் பெயரில் புதிய சவாரி திறக்கப்பட்டது. தடமும் 50 அடி வீழ்ச்சியும் அப்படியே இருக்க, கதை மாறியது. அந்த மாற்றத்துக்கு அறம் சார்ந்த காரணம் இருந்தது.

அங்கும்கூட ஒரு சிறு இழப்பைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் வரும் தந்திரக்கார முயலின் கதைகள், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வாய்மொழியாகக் காத்துவந்தவை. வலியவனை எளியவன் மதியால் வெல்லும் அந்தக் கதைகள் படத்தின் பழியோடு சேர்ந்து மறைந்தன. அவற்றைப் படத்தின் பிடியிலிருந்து மீட்டு, உரியவர்களின் பார்வையில் திருப்பிச் சொல்லும் வாய்ப்பு கைநழுவியது. அவையும் யாருக்கும் சொந்தமில்லாத கதைகள்.

விதைநெல்லை உண்பது

'பூங்கா ஒரு வணிகம். அருங்காட்சியகத்தின் கடமையை அதன் தலையில் ஏற்றலாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஸ்னிலேண்ட் 1955இல் திறக்கப்பட்டபோதே பீட்டர் பான், ஸ்னோ ஒயிட் ஆகியோரின் சவாரிகள் அங்கிருந்தன. திரைப்படத்துக்கும் பூங்காவுக்குமான உறவு பிறப்பிலேயே ஏற்பட்டது. பூங்கா என்றும் முற்றுப்பெறாது, மாறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் வால்ட் டிஸ்னியின் கருத்தும்.

ஆனால் வணிகத்தின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் இன்றைய போக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. டிஸ்னிலேண்டில் 1967இல் திறக்கப்பட்ட 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சவாரிக்கு எந்தத் திரைப்படமும் மூலமில்லை. கடற்கொள்ளையர் என்ற, எவருக்கும் உரிமையில்லாத பொதுக்கதையிலிருந்து கலைஞர்கள் அதை உருவாக்கினார்கள். 36 ஆண்டுகள் கழித்து அந்தச் சவாரி ஒரு திரைப்படத்தைப் பெற்றெடுத்தது. 2003 முதல் 2017 வரை வெளிவந்த ஐந்து படங்கள் மொத்தம் 450 கோடி டாலர் அளவுக்கு ஈட்டின. 1969இன் 'ஹான்டட் மேன்ஷன்' சவாரியும், பூங்கா திறந்த ஆண்டிலேயே தொடங்கிய 'ஜங்கிள் குரூஸ்' சவாரியும் பின்னர் படங்களாயின. படம் பூங்காவுக்குக் கதை தந்ததுபோலவே பூங்காவும் படத்துக்குக் கதை தந்திருக்கிறது. ஆற்றின் நீரோட்டம் இருதிசையிலும் இருந்த காலம் அது.

அனிமல் கிங்டமிலேயே 2006இல் திறக்கப்பட்ட 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' சவாரிக்கும் பின்னணியில் படம் எதுவுமில்லை. இமயமலையின் பனிமனிதன் பற்றிய நம்பிக்கை மட்டுமே மூலம். இன்றும் அந்தப் பூங்காவின் முதன்மையான ஈர்ப்புகளில் அது ஒன்று. அறிமுகமில்லாத கதைக்குக் கூட்டம் வராது என்ற வாதத்துக்கு அதே பூங்காவுக்குள் நிற்கும் அந்த மலையே மறுப்பு.

இனிக் கட்டப்படும் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே வெற்றிபெற்ற படம் ஒன்று முன்நிபந்தனை என்றால், அடுத்த 'பைரேட்ஸ்' எங்கிருந்து வரும்? இருப்பில் உள்ள கதைகளையே சமைத்துப் பரிமாறுவது, விதைநெல்லை எடுத்து உண்பதற்கு ஒப்பாகும். இந்தப் போகம் வயிறு நிறையும். அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் இராது. 6,000 கோடி டாலர் முதலீட்டில் ஒரு சிறு பங்கையேனும் படத்தின் துணையில்லாத கற்பனைக்கு ஒதுக்குவது, கலைக்குச் செய்யும் தானமாக இராது. நிறுவனம் தன் எதிர்காலத்துக்குச் செய்துகொள்ளும் காப்பீடாகவே இருக்கும்.

விண்கல் விழுந்த இடம்

புதிய சவாரியின் கதை, மாயா நாகரிகத்தின் சிதையாத கோயில் ஒன்றுக்குள் ஒரு தொன்ம விலங்கைத் தேடிச் செல்வதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. விலங்குகளுக்கான பூங்காவில் இண்டியானா ஜோன்ஸுக்கு இடம்தேடிக் கொடுக்கும் முயற்சி இது. பூங்காவின் மூன்று வகைகளில் 'கற்பனை விலங்கு' என்ற மூன்றாவது வகையின்கீழ் அது பொருந்தக்கூடும். ஆனால் இரண்டாவது வகை, மறைந்துபோன உயிரினங்கள், இப்போது பூங்காவில் தன் இல்லத்தை இழந்திருக்கிறது.

இதில் வரலாற்றின் விநோதம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்துவைத்த விண்கல் விழுந்த இடம் மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம். சிக்சுலுப் என்று அழைக்கப்படும் அந்தப் பெரும்பள்ளம் அங்கே நிலத்துக்கும் கடலுக்கும் அடியில் புதைந்து கிடக்கிறது. பிற்காலத்தில் மாயா மக்கள் கோயில்களையும் நகரங்களையும் எழுப்பியது அதே நிலத்தில்தான். யுகட்டானின் நன்னீர்க் கிணறுகளான செனோட்டேக்கள் பல அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு வளையமாக அமைந்துள்ளன. மாயா மக்கள் அவற்றைக் குடிநீருக்கும் வழிபாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். டைனோசரின் முடிவும் மாயாவின் தொடக்கமும் ஒரே மண்ணில் சந்திக்கும் இந்த உண்மைக் கதையைவிடச் சுவையான கதையை எந்தத் திரைக்கதை ஆசிரியரால் எழுத முடியும்? இரண்டு சவாரிகளுக்கும் பொதுவான பாலமாக இயற்கையே ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறது. அதைப் புதிய வடிவமைப்பில் எங்கேனும் பயன்படுத்தினால், விடைபெற்ற சவாரிக்கு அதுவே தக்க மரியாதையாகும்.

மாயா மக்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். அவர்கள் டைனோசர்களைப்போல மறைந்துபோனவர்கள் அல்லர். குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் இலட்சக்கணக்கானோர் மாயா குடும்ப மொழிகளைப் பேசி வாழ்கிறார்கள். சாகச நாயகன் நுழைந்து தப்பித்துவரும் இடிபாடுகளாக மட்டும் ஒரு நாகரிகத்தைக் காட்டுவது, உயிருள்ள மக்களை இறந்தகாலத்துக்குள் தள்ளுவதாகும். இனஅழிவைப் பற்றிப் பேசிய ஒரு சவாரியை அகற்றிவிட்டு, அழியாத ஓர் இனத்தை அழிந்ததாகக் காட்டினால் அது கொடிய முரண்நகை ஆகிவிடும்.

செய்யக்கூடியவை

சவாரி திரும்பி வரப்போவதில்லை. ஆனால் இதுபோன்ற முடிவுகள் இனியும் வந்துகொண்டே இருக்கும். மேஜிக் கிங்டம் பூங்காவில் அரை நூற்றாண்டு கடந்த 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' நீர்வழியும் அதில் ஓடிய நீராவிப் படகும் 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டு, அந்த இடம் 'கார்ஸ்' படத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் பழமை விரும்பிகளுக்கும் புதுமை விரும்பிகளுக்கும் இடையிலான பூசலாகவே விவாதம் சுருங்கிவிடுகிறது. பயனுள்ள கேள்விகள் வேறு. பழைய சவாரி உண்மையிலேயே சீர்செய்ய இயலாததா, அல்லது பராமரிக்கப்படாமல் விடப்பட்டதா? அது சொன்ன செய்தி இன்றைக்குத் தேவையற்றதா, தீங்கானதா? புதியது அந்த இடத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா? ஸ்பிளாஷ் மவுண்டன் இரண்டாவது கேள்வியில் தோற்றது. எனவே அதன் மாற்றம் நியாயமானது. பண்டோரா, படத்தின் வழியே வந்தாலும், காட்டையும் உயிரினங்களையும் காக்கும் கருத்தைச் சொன்னதால் மூன்றாவது கேள்வியில் தேறியது. டைனோசர் சவாரியின் செய்தியோ, அது பிறந்த 1998ஐவிட இன்று கூடுதலாகத் தேவைப்படுவது. உயிரினங்கள் மனிதச் செயலால் வேகமாக மறைந்துவரும் காலத்தில், 'அழிவு என்பது உண்மையிலேயே நிகழ்ந்திருக்கிறது' என்று ஒரு குழந்தையின் மனத்தில் பதியவைத்த இடம் அது.

தனியார் நிறுவனம் ஒன்று தன் சொத்தை முன்னிறுத்துவதைச் சட்டத்தால் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அதிலிருந்து பொதுச் சமூகம் கற்க வேண்டிய பாடம் உண்டு. டைனோசரும் நார்வேயும் நாட்டார் கதையின் முயலும் எவருடைய சொத்துப் பட்டியலிலும் இல்லாததால், அவற்றுக்காகச் செலவழிக்க எந்த நிறுவனத்துக்கும் நீடித்த அக்கறை இராது. இன்று நிதி இருக்கும். நாளை ஒரு படம் வெற்றிபெற்றால் இடம் பறிபோகும். ஆகவே அவற்றின் காவலர்களாக இருக்க வேண்டியவை அருங்காட்சியகங்களும், பள்ளிகளும், அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அரசுகளுமே. கேளிக்கைப் பூங்காவின் ஈர்ப்போடு போட்டியிட இயலாது என்று அவை ஒதுங்கிவிடக் கூடாது. சூவின் உண்மையான எலும்புக்கூடு இன்றும் சிகாகோவின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்கவரும் குழந்தைகளுக்கு எந்தத் திரைப்படத்தின் துணையும் தேவைப்படவில்லை.

ஒருவருக்குச் சொந்தமானதைக் காக்க அவர் ஒருவர் போதும். யாருக்கும் சொந்தமில்லாததைக் காக்க எல்லோரும் வேண்டும்.